டிரைவர் ஐயாவை இறக்கிவிட்டவர்

எங்கள் தெருவில் அவரை ஆயாண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். தள்ளாதவர்களைக் குளிப்பாட்டி, சோறூட்டி, துணி மாற்றிப் பார்த்துக்கொள்கிற வேலை. பெண்கள் செய்தால் ஆயா என்று சொல்லிவிடலாம். இவர் ஆண், ஐம்பது தாண்டியவர், மீசை வேறு வைத்திருந்தார். எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் டீக்கடைக்காரர் ஒரு நாள் வாய்க்கு வந்ததைச் சொல்லிவைக்க, அதுவே ஒட்டிக்கொண்டது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "கூப்பிட்டா திரும்பிப் பாக்கறதுக்கு ஒரு பேரு. எதுவா இருந்தா என்ன" என்றார்.

நான் எதிர்ப்பக்கம் தையல் கடை வைத்திருக்கிறேன். கடை என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். வாடகை வீட்டின் முன்னறையில் ஒரு மெஷின், ஒரு மேஜை. மெஷினை வாசலைப் பார்த்துப் போட்டிருப்பதால், தெருவில் யார் போனாலும் வந்தாலும் என் கண்ணில் படாமல் தப்ப முடியாது. எனக்கு வாய் நீளம் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும். இந்தத் தெருவைப் பற்றி நான் சொல்லப்போவதைக் கேட்டால் இன்னும் கொஞ்சம் நீளம் என்பார்கள்.

ஆயாண்ணனுக்கு வீடு என்று ஒன்று எந்த வயதிலும் இருந்ததில்லை. அவருடைய அம்மா ஒரு பெரிய வீட்டில் தங்கிச் சமைத்தவள். அந்த வீட்டின் பின்பக்கம், தண்ணீர் மோட்டார் வைத்திருந்த அறையில்தான் அவரும் அவர் அக்காவும் வளர்ந்தார்கள். மோட்டார் ஓடும்போது பேசினால் காதில் விழாது. அது நின்றபிறகு பேசினால் முன்பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்டுவிடும் என்று அம்மா வாயைப் பொத்துவாளாம். அதனால்தானோ என்னவோ, கடைசிவரை மெதுவாகத்தான் பேசினார். அம்மா இறந்ததும் அறையைக் காலி செய்யச் சொன்னார்கள். மோட்டார் மட்டும் அங்கேயே இருந்தது.

பிறகு ஆஸ்பத்திரியில் வார்டு வேலை. பிறகு வீடு வீடாக நோயாளிகளோடு தங்குகிற வேலை. நடுவில் கல்யாணமும் ஆனது. அந்தப் பெண்ணை ஒரு வாடகை அறையில் குடிவைத்துவிட்டு, இவர் யாரோ ஒருவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டிருந்தார். லீவு கிடைத்து வரும்போது விருந்தாளி மாதிரி நாற்காலி நுனியில் உட்காருவாராம். ஒரு தடவை போனபோது அறை பூட்டியிருந்தது. சாவி பக்கத்து வீட்டில் இருந்தது, அவள் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள். "அவ மேல தப்பு சொல்ல முடியாது தங்கச்சி. வீட்டுல ஆள் இல்லாம வீடு மட்டும் எதுக்கு" என்பார். ஒரு நோயாளி இறந்து அடுத்த நோயாளி கிடைக்கும்வரை அக்கா வீட்டு ஹாலில், செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பாய் விரித்துக்கொள்வார். அக்கா வீட்டுக்காரர் நல்லவர், திட்டவே மாட்டார். காபி கொடுத்துவிட்டு, "எப்ப வேலைக்குக் கெளம்பறீங்க" என்று மட்டும் கேட்பாராம்.

அவர் வாயில் "வீட்டுக்குப் போறேன்" என்று ஒரு நாளும் வராது. நான் கவனித்திருக்கிறேன். அக்கா வீட்டுக்கு, ஐயா வீட்டுக்கு, முன்னே இருந்த டாக்டரம்மா வீட்டுக்கு என்று முன்னால் ஒரு ஆளை ஒட்டவைத்துத்தான் சொல்வார். ஜிப் வைத்த பை ஒன்று கட்டிலுக்கு அடியில் எப்போதும் கட்டினபடியே இருக்கும். சட்டையை எடுப்பார், துவைப்பார், மடித்துத் திரும்பப் பைக்குள்ளேயே வைப்பார். அலமாரியில் இடம் இருந்தாலும் வைக்கமாட்டார். கேட்டதற்கு, "பொணத்தை எடுக்கற அன்னிக்கே நம்ம பையையும் எடுக்கணும் தங்கச்சி. அழுதுட்டு இருக்கறவங்க முன்னாடி உக்காந்து துணி அடுக்கினா நல்லாவா இருக்கும்" என்றார்.

எதிர் வீட்டுப் பெரியவர் வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டியவர். டிரைவர் ஐயா என்றால் எல்லோருக்கும் தெரியும். டூட்டி இல்லாத நாளில் கொத்தனாரோடு நின்று தானே செங்கல் எடுத்துக்கொடுத்துக் கட்டிய வீடு அது. மாடிப்படி கொஞ்சம் கோணலாக இருக்கும், கேட் திறந்தால் வலதுபக்கம் இடிக்கும். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அவருக்கு மறதி வந்தது. முதலில் சாவியை மறந்தார், பிறகு சாப்பிட்டதை மறந்தார், பிறகு மகளைத் தன் அக்கா என்று நினைத்துக்கொண்டார். மகள் நகரத்தின் மறுகோடியில் வேலைக்குப் போகிறவள். தினமும் வந்து பார்க்க முடியாமல்தான் ஆயாண்ணனை வேலைக்கு வைத்தாள்.

பகலெல்லாம் ஐயா சாதுவாக இருப்பார். பொழுது சாயும்போதுதான் ஆரம்பிக்கும். தன் வீட்டுக் கூடத்தில், தன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "வீட்டுக்குப் போகணும், கதவைத் திற" என்று கத்துவார். முதல் வாரம் ஆயாண்ணன், "இதுதான் ஐயா உங்க வீடு, நீங்க கட்டினதுதான்" என்று சுவரைத் தட்டித் தட்டிக் காட்டினார். ஐயா செருப்பைக் கழற்றி அடித்தார். அடுத்த நாள் அடித்த அடி பல்லில் பட்டு ஆயாண்ணனின் உதடு வீங்கிவிட்டது. அந்த உதட்டோடு என் கடைக்கு வந்து நின்றவர், "எனக்கு வீடுன்னா என்னன்னு தெரியாது, நான் போய் அவருக்கு எடுத்துச் சொல்றேன் பாருங்க" என்றார். அவருக்குச் சிரிப்பு வந்தது, எனக்கு வரவில்லை.

ஒரு சாயங்காலம் ஐயா கத்திக்கொண்டே இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, எதையோ பிடித்துத் திருப்புகிறமாதிரி அசைப்பதை அவர் பார்த்தார். ஸ்டியரிங். மனுஷன் டூட்டியில் இருக்கிறார். டூட்டி முடிந்தால்தானே வீட்டுக்குப் போக முடியும். ஆயாண்ணன் வாதாடுவதை விட்டுவிட்டு ஐயாவுக்குப் பின்னால் போய் நின்று, முதுகில் இரண்டு தட்டு தட்டி, "போலாம் ரைட்" என்றார். ஐயா வாயை மூடிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்.

அன்றிலிருந்து தினமும் எங்கள் தெருவில் அந்த பஸ் ஓடியது. ஐயா முன்னால், கைகளை நீட்டிப் பிடித்தபடி. ஆயாண்ணன் ஒரு அடி பின்னால், எந்நேரமும் விழலாம் என்கிற மனுஷனின் இடுப்பைப் பிடித்தபடி. சட்டையைப் பிடித்துப் பிடித்துத் தையல் விட்டுப்போகிறது என்று, நான்தான் தடித்த துணியில் ஒரு பெல்ட் தைத்து, பின்னால் பிடிப்பதற்கு ஒரு வளையமும் வைத்துக்கொடுத்தேன். ஒரு தட்டு தட்டினால் நிற்பார், இரண்டு தட்டினால் கிளம்புவார். மருந்துக்கடை ஸ்டாப்பு, டீக்கடை ஸ்டாப்பு, தையல் கடை ஸ்டாப்பு. ஐயா என்னைப் பார்த்து, "சீக்கிரம் ஏறும்மா, பின்னாடி வண்டி நிக்குது" என்பார். நானும் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து, நாலு அடி கூட நடந்து இறங்கிக்கொள்வேன். மருந்துக்கடைக்காரர் கையைக் காட்டி வண்டியை நிறுத்துவார். டீக்கடைக்காரர் சில்லறை இல்லை என்று சண்டை போடுவார். எல்லோருக்கும் அது ஒரு விளையாட்டாகிவிட்டது. எங்களைப் போல நல்ல தெரு உண்டா என்று நாங்களே எங்களை மெச்சிக்கொண்டோம்.

ஒரு சுற்று முடிந்து கேட்டுக்கு வந்ததும் ஆயாண்ணன் ஒரு தட்டு தட்டி, "கடைசி ஸ்டாப்பு ஐயா. எல்லாரும் இறங்கியாச்சு. வீடு வந்துடுச்சு" என்பார். அதைக் கேட்டால்தான் ஐயாவின் கைகள் கீழே இறங்கும். கண்டக்டர் சொல்லாமல் டிரைவர் சீட்டை விட்டு எழுந்திருக்கமாட்டார், அது அவர் உடம்பில் ஊறின பழக்கம். ஒரு நாள் மகள் அவசரப்பட்டு, "வீடு வந்தாச்சுப்பா, உள்ள வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்தாள். ஐயா அசையவில்லை. ஆயாண்ணன் பின்னால் நின்று சொன்னபிறகுதான் நகர்ந்தார்.

கை இறங்கியதும் ஐயா திரும்பிப் பார்த்துத் தினமும் ஒன்றையே சொல்வார். "நேரமாச்சு தம்பி. நீயும் கெளம்பு. உன் வீட்டுல தேடுவாங்க."

ஆயாண்ணனும் தினமும் ஒரே பதில்தான் சொல்வார். "பக்கத்துலதான் ஐயா. இதோ போயிடுவேன்."

அதில் பொய் ஒன்றும் இல்லை. அவருடைய கட்டில் ஐயாவின் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் கிடந்தது. அந்த வீட்டில் இரண்டாவது வருஷம் நடந்துகொண்டிருந்தபோது, துணி அளவெடுக்க உள்ளே போன நான், அலமாரியில் அவருடைய சட்டைகள் மடித்து வைத்திருப்பதைப் பார்த்தேன். பை வெறுமனே சுருண்டு கிடந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் திரும்பவும் எடுத்துக் கட்டிவிடுவார் என்று பயமாக இருந்தது.

பிறகு மகளின் கணவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. அவளும் போக வேண்டும். அப்பாவை ஒரு ஆளை மட்டும் நம்பி இங்கே விட்டுவிட்டுப் போக முடியாது, அங்கே அவர்களுக்குக் கிடைத்திருக்கும் இரண்டு அறையில் இவரை வைத்துக்கொள்ளவும் முடியாது. ஒரு முதியோர் இல்லத்தில் சேர்ப்பதாக முடிவு செய்தாள். வீட்டை விற்றால்தான் அங்கே காலம்பூரா வைத்துப் பார்க்க முடியும். எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது. ஆனால் அதைச் சொல்லும்போதே என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து அவள் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். "நான் பொறந்து வளர்ந்த வீடுக்கா. எனக்கு மட்டும் ஆசையா" என்றாள். தண்ணீர் கொடுத்தேன்.

ஆயாண்ணன் அவளிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அம்மா, இதே தெருவுல ஒரு ரூம் பாத்து ஐயாவை நானே வெச்சுப் பாத்துக்கறேன். வீடு மாறினாலும் தெரு மாறலைன்னா அவருக்குத் தெரியாது. சாயங்காலம் ஒரு சுத்து சுத்தினா போதும், தூங்கிடுவாரு." அவள் யோசித்தாள். வேலைக்காரரிடம் அப்பாவை விட்டுவிட்டாள் என்று சொந்தக்காரர்கள் பேசுவார்கள் என்று பயந்தாள். கடைசியில், "சரி, ரூம் கிடைக்குதான்னு பாருங்கண்ணே" என்றாள்.

அந்த ரூமைத் தேடி அவர் அலைந்த அலைச்சலை நான் என் வாசலிலிருந்தே பார்த்தேன். மருந்துக்கடைக்காரருக்கு மாடியில் ஒரு அறை காலியாகக் கிடந்தது. தினமும் கை காட்டி பஸ்ஸை நிறுத்துகிறவர்தான். "குடும்பமா இருந்தா பரவால்ல. தனி ஆம்பளைக்குத் தர்றதில்லைண்ணே, வீட்டுல சொல்றாங்க" என்றார். டீக்கடைக்காரருக்குப் பின்பக்கம் ஒரு போர்ஷன் இருந்தது. "பெரியவருக்கு எப்ப வேணா ஒண்ணு ஆயிடும். குடிவெச்ச இடத்துல சாவு விழுந்தா அப்புறம் எவன் வருவான்" என்று நேராகவே சொல்லிவிட்டார், அதற்காகவாவது அவரைப் பாராட்டலாம். நான் என் வீட்டு ஓனரிடம் போய், என் பின்னறையை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு நான் முன்னறையிலேயே படுத்துக்கொள்கிறேன் என்று கேட்டேன். வாடகைக்கு இருப்பவள் உள்வாடகைக்கு விடுவதா, அப்படியானால் நீயும் வேறு இடம் பார்த்துக்கொள் என்றார். அதற்கு மேல் நான் பேசினால் என் மெஷின் தெருவுக்கு வந்துவிடும். வாய் நீளம் என்று பேர்தான்.

ஒரு வீட்டில் சொந்த ஊர் கேட்டார்கள், ஒரு வீட்டில் மனைவி எங்கே என்று கேட்டார்கள், ஒரு வீட்டில் பெரியவர் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டார்கள். உறவு இல்லை என்றால் ஏன் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று சந்தேகப்பட்டார்கள். அலுத்துப்போய் என் கடைப் படியில் வந்து உட்கார்ந்தார். "இவ்வளவு நாளா எல்லாரும் பஸ்ஸுல ஏறினாங்களே தங்கச்சி" என்றார். நான், "ஏறினாங்க, நாலு அடியில இறங்கிட்டாங்க" என்றேன். வீடு ஒருத்தருக்கு நாலு சுவராக இருக்கலாம். ஊருக்கு அது வடிகட்டுகிற சல்லடை. யார் உள்ளே, யார் வெளியே என்று முதலில் முடிவு செய்துவிட்டுத்தான் மற்றதைப் பேசுவார்கள். எங்கள் தெருவும் எல்லாத் தெருவையும் போலத்தான் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

ரூம் கிடைக்காமல் போகவே, முதியோர் இல்லத்துக்குக் கூட்டிப்போக மகள் முதலில் தானே கார் கொண்டுவந்தாள். ஐயா கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள், முட்டி சிராய்த்து ரத்தம் வந்தது. தெருவே நின்று பார்த்தது. அடுத்த முறை ஊசி போட்டுத் தூங்கவைத்து, கட்டிலோடு தூக்கலாம் என்று இல்லத்தில் யோசனை சொன்னார்களாம். அதைக் கேட்டதும் ஆயாண்ணன், "வேண்டாம்மா, நான் கூட்டிட்டு வர்றேன். கட்டிப்போட்டு மட்டும் கொண்டுபோகாதீங்க" என்றார். அவருக்கு ஒரு நப்பாசையும் இருந்தது. இல்லத்திலேயே அவரையும் வேலைக்குச் சேர்த்துக்கொள்ளக் கேட்டிருப்பதாக மகள் சொல்லியிருந்தாள். பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே கேட்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் வழக்கம்போல பஸ் கிளம்பியது. மருந்துக்கடை, டீக்கடை. யாரும் கை காட்டவில்லை, உள்ளே போய்விட்டார்கள். என் கடைக்கு வந்தபோது, "ஏறும்மா" என்றார் ஐயா. நான் ஏறினேன். தெருமுனையில் வேன் நின்றது. டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் ஐயாவை ஏற்றி உட்காரவைத்து, பின்னாலிருந்து ஆயாண்ணன் சீட்டில் இரண்டு தட்டு தட்டினார். ஐயா கைகளை நீட்டிப் பிடித்துக்கொண்டார். வேன் நகர்ந்தபோது அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்க முடியாமல் நான் திரும்பிக்கொண்டேன்.

அங்கே நடந்ததை ஆயாண்ணன் மறுநாள் சொன்னார். வழியெல்லாம் ஐயா ஓட்டிக்கொண்டே வந்தாராம். வளைவு வந்தால் கையை வளைத்தாராம். இல்லத்தின் வாசலில் வேன் நின்றது. வெள்ளைச் சுவர், கம்பிக் கதவு, சக்கர நாற்காலியோடு இரண்டு பேர். ஆயாண்ணன் இறங்கி ஐயாவின் முதுகில் ஒரு தட்டு தட்டினார். ஐயா காத்திருந்தார். கடைசி ஸ்டாப்பு, வீடு வந்துடுச்சு. தினமும் சொல்கிற அந்த வார்த்தை மட்டும்தான் பாக்கி.

"வாயே வரலை தங்கச்சி" என்றார். "இத்தனை நாளும் நான் சொன்னது நெஜம். வீட்டு வாசல்ல நின்னுதான் வீடுன்னு சொன்னேன். அங்க நின்னுகிட்டு எப்படிச் சொல்றது. அந்த மனுஷன் என்னை நம்பித்தானே கையை எறக்குவாரு. சொல்லலை. சும்மா நின்னுட்டேன்."

அதற்குள் அந்த இரண்டு பேரும் ஐயாவைத் தூக்கி நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். கை நீட்டினபடியே போனாராம். ஆயாண்ணன் பின்னாலேயே போகப் பார்த்தார். எங்களுக்கு ஆட்கள் இருக்கிறார்கள், வெளியாளைச் சேர்ப்பதில்லை என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். புதிதாக வந்தவர் பழக வேண்டும், அதனால் முதல் மாதம் யாரும் பார்க்க வரக்கூடாது, பிறகு மாதத்துக்கு ஒரு தடவை வரலாம் என்றார்கள். நான் தைத்த பெல்ட்டைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டார்கள். அவர் திரும்பி வந்து அலமாரியில் இருந்த சட்டைகளைப் பைக்குள் அடுக்கினார். கடைசியாக பெல்ட்டைச் சுருட்டி வைத்தார்.

அந்த ஒரு மாதமும் அவர் அக்கா வீட்டு ஹாலில் இருந்தார். பார்க்க வரலாம் என்ற நாள் வந்ததும் என் கடைக்கு வந்து நின்றார். "தனியா போக தைரியம் இல்லை, நீங்களும் வாங்க" என்றார். மெஷினுக்கு உறை போட்டுவிட்டு நானும் கிளம்பினேன்.

நீளமான ஒரு கூடம். சுவரோரம் வரிசையாக நாற்காலிகள், அதில் வரிசையாக ஆட்கள். சுத்தமாகத்தான் இருந்தது, குறை சொல்ல முடியாது. ஐயா கடைசி நாற்காலியில், கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பாதி ஆளாகியிருந்தார். இரண்டு கைகளும் முன்னால் நீண்டு, எதையோ பிடித்தபடி இருந்தன. கைகள் ஆடின, ஆனால் இறங்கவில்லை.

அங்கே வேலை செய்கிற பெண் சொன்னாள். "வந்ததுலேர்ந்து இப்படித்தான் சார். பகல்ல கொஞ்சம் தளரும், பொழுது சாஞ்சா திரும்பத் தூக்கிடுவாரு. நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே மாட்டாரு. கட்டில்ல போட்டா திரும்ப வந்து உக்காந்துக்கறாரு. சாப்பாடு குடுத்தா, வண்டி ஓட்டும்போது சாப்பிடக் கூடாதுங்கறாரு. மத்தவங்களாவது வீட்டுக்குப் போகணும்னு அழுவாங்க, இவர் அதுகூடக் கேக்கறதில்லை. நல்ல மாதிரி."

நான் ஆயாண்ணனைப் பார்த்தேன். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஐயா ஏன் வீட்டைக் கேட்கவேண்டும். அவர் வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறார். ஒரு மாதமாக வண்டி ஓடிக்கொண்டே இருக்கிறது, இறங்கச் சொல்ல ஆள் இல்லை.

ஆயாண்ணன் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றார். எலும்பு துருத்திக்கொண்டிருந்த அந்த முதுகில் ஒரு தட்டு தட்டினார். ஐயாவின் உடம்பு நிமிர்ந்தது.

"கடைசி ஸ்டாப்பு ஐயா" என்றார். குனிந்து, காதுக்குப் பக்கத்தில் திரும்பச் சொன்னார். "கடைசி ஸ்டாப்பு. எல்லாரும் இறங்கியாச்சு. வீடு வந்துடுச்சு."

கைகள் மெல்ல மெல்ல இறங்கி மடியில் விழுந்தன. ஐயா ஒரு பெருமூச்சு விட்டார். அந்தக் கூடத்தை, நாற்காலிகளை, வெள்ளைச் சுவரைச் சுற்றிப் பார்த்தார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கண்டக்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். பிறகு தலையைத் திருப்பினார்.

"நேரமாச்சு தம்பி. நீயும் கெளம்பு. உன் வீட்டுல தேடுவாங்க."

"பக்கத்துலதான் ஐயா" என்றார் ஆயாண்ணன். "இதோ போயிடுவேன்."

நான் வெளியே வந்து சுவரைப் பார்த்து நின்று அழுதேன். உள்ளே ஐயா ஒரு கிண்ணம் கஞ்சி முழுசாகக் குடித்ததாகவும், தானே எழுந்து கட்டிலுக்கு நடந்ததாகவும் அந்தப் பெண் வந்து சொன்னாள். ஆயாண்ணன் அவளிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். முதுகில் ஒரு தட்டு, அப்புறம் இந்த மூணு வார்த்தை, அவ்வளவுதான், தினமும் சாயங்காலம் சொன்னால் போதும் என்றார். அவள் நல்ல பெண்தான். "சொல்லிப் பாக்கறேன் சார். ஆனா இங்க ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொண்ணு சொல்ல வேண்டியிருக்கு. எனக்கே ஒண்ணுக்கொண்ணு மாறிப்போவுது" என்றாள். மேலும், பொம்பளைக் குரலில் சொன்னால் ஐயா கேட்கமாட்டார் என்று எனக்கும் தெரியும், ஆயாண்ணனுக்கும் தெரியும். பெற்ற மகள் சொல்லியே கேட்காதவர்.

பஸ் ஸ்டாப்பில் ஆயாண்ணன் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "இன்னிக்கு இறங்கிட்டாரு. நாளைக்கு சாயங்காலம் திரும்ப ஏறிடுவாரே. யாரு இறக்கிவிடுவா" என்றார். வந்த பஸ்ஸில் ஏறினோம்.

அடுத்த தடவை பார்க்கப் போகும் நாள் வருவதற்கு முன்பே ஐயா போய்விட்டார். வீட்டை வாங்கியவரிடம் சாவி கொடுக்க வந்த மகள் என் கடையில் உட்கார்ந்து சொன்னாள். பொழுது விடிந்து பார்த்தபோது நாற்காலியில் உட்கார்ந்தபடியே இருந்தாராம். கைகள் இரண்டும் நீட்டியபடியே விறைத்திருந்தனவாம். மடக்கிப் படுக்கவைக்க மிகவும் சிரமப்பட்டார்களாம். "எதையோ கெட்டியாப் புடிச்சிருந்த மாதிரி இருந்துச்சுக்கா" என்று சொல்லிவிட்டு அழுதாள். அவளுக்கு அது என்னவென்று தெரியும். தெரிந்துதான் அப்படிச் சொன்னாள்.

ஆயாண்ணன் அப்போது வேறொரு வீட்டில், பக்கவாதம் வந்த ஒருவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். விஷயம் கேள்விப்பட்டு ஒரு மத்தியானம் வந்தார். எதிரே வீட்டின் கேட்டைக் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்க்காத மாதிரி எனக்கு முன்னால் நின்றார். எப்போது, எப்படி என்றெல்லாம் அவர் கேட்கவில்லை.

"கை எப்படி இருந்துச்சாம் தங்கச்சி?" என்றார்.

நான் நிமிர்ந்து பார்க்காமல், மெஷினில் தைத்துக்கொண்டிருந்த துணியை இன்னும் கொஞ்சம் ஓட்டினேன்.

"மடியில இருந்துச்சாம்" என்றேன். "ரெண்டு கையும் மடியிலதான் இருந்துச்சாம்."

"அப்ப யாரோ சொல்லியிருக்காங்க" என்றார். அந்தப் பெண்ணாகத்தான் இருக்கும், நல்ல பொண்ணு என்றார். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். பிறகு பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, "நோயாளி தனியா இருக்காரு, அவர் வீட்டுக்குப் போகணும்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.